ஓராண்டில் முடியுமா எம்.பி.ஏ.? வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கின்றன. வேலையில் இருந்துகொண்டோ, ஓராண்டு மட்டும் அதிலிருந்து விலகியோ மேலாண்மைப் பட்டம் பெற முடியுமா, பெற்றால் அது செல்லுமா என்பதே அந்தக் கேள்வி. ஒன்றுபோல இருந்த கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 34 வயது. இயந்திரப் பொறியியல் முடித்து, வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் உற்பத்திப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் மாதம் 85,000 ரூபாய். எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவர், எம்.பி.ஏ. படித்தவர் என்பதால் எனக்கு மேலதிகாரியாக வந்துவிட்டார். நான் வேலையை விட்டு ஓராண்டுப் படிப்பில் சேர்வதா, வாரயிறுதி வகுப்பில் சேர்வதா? வீட்டுக் கடன் இருக்கிறது. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.
– வாசகர், ஓசூர்

பதில்: நீங்கள் குறிப்பிடும் இரண்டும் எம்.பி.ஏ. என்றே அழைக்கப்பட்டாலும், நோக்கத்தில் வேறுபட்டவை. ஓராண்டு முழுநேரப் படிப்பு என்பது வேலையை விட்டுவிட்டு வளாகத்திலேயே தங்கிப் படிப்பது. அகமதாபாத் ஐ.ஐ.எம். 2006இல் தொடங்கிய பி.ஜி.பி.எக்ஸ்., ஹைதராபாத்தில் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் (ஐ.எஸ்.பி.) 2001 முதல் நடத்திவரும் பி.ஜி.பி., சென்னைக்கு அருகே 2004இல் நிறுவப்பட்ட கிரேட் லேக்ஸ் நிறுவனத்தின் பி.ஜி.பி.எம். ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. வேலை அனுபவம் உள்ளவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை இவை; அகமதாபாத்தில் பட்டம் பெற்ற பிறகு குறைந்தது 4 ஆண்டு முழுநேர அனுபவமும் 25 வயதும் நிரம்பியிருக்க வேண்டும் என்கிறார்கள். வாரயிறுதிப் படிப்பு வேலையை விடாமல் படிப்பது. பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஆகும். 1943இல் சிகாகோ பல்கலைக்கழகம் தொடங்கிய எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.தான் இதற்கு முன்னோடி. சென்னை ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறை ஒரு வாரம் விட்டு ஒரு வாரயிறுதியில் இதை நடத்துகிறது. திருச்சி ஐ.ஐ.எம். சென்னையிலும், பெங்களூர் ஐ.ஐ.எம். தன் பன்னேர்கட்டா சாலை வளாகத்திலும் பணியிலிருப்போருக்கு வகுப்பெடுக்கின்றன. ஓசூரில் இருப்பவருக்குப் பெங்களூர் வளாகம் வேலைக்குப் போய்வரும் தூரம்தான், எலக்ட்ரானிக் சிட்டி நெரிசல் மனம் வைத்தால்.

ஓராண்டில் முடிப்பதால் பாடம் பாதியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். இரண்டாண்டு என்பது 1908இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு பள்ளியின் வழியாகப் பரவிய அமெரிக்க வழக்கம். பிரான்சின் ஃபோன்டென்ப்ளோ நகரில் 1957இல் தோன்றிய இன்சீட் அதே பட்டத்தைப் பத்து மாதங்களில் தருகிறது. சுருக்கப்படுவது பெரும்பாலும் விடுமுறைகளும், இரண்டாண்டு மாணவர்கள் நடுவில் ஒரு நிறுவனத்தில் செய்யும் கோடைகாலப் பயிற்சியும்தான். ஆனால் அந்தப் பயிற்சியைச் சிறிய இழப்பாகக் கருத முடியாது. உற்பத்திப் பிரிவிலிருந்து நிதித் துறைக்கோ ஆலோசனைத் துறைக்கோ தாவ நினைப்பவருக்கு அந்த இரண்டு மாதங்கள்தான் புதிய வீட்டின் வாசல். ஓராண்டுப் படிப்பில் அந்த வாசல் இல்லை, நேராக வளாக நேர்காணலுக்குப் போய் நிற்க வேண்டும்.

இனிப் பணக் கணக்கைப் பார்ப்போம். முன்னணி நிறுவனங்களின் ஓராண்டுப் படிப்புக் கட்டணம் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நீங்கள் 30 லட்சம் மட்டும் 10 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 49,800 ரூபாய் வரும்; முடிவில் ஏறக்குறைய 41 லட்சத்து 80 ஆயிரம் கட்டியிருப்பீர்கள். படிக்கும் ஆண்டில் வராமல் போகும் சம்பளம் 10 லட்சத்து 20 ஆயிரம். அந்த ஆண்டிலும் வீட்டுக் கடன் தவணை நிற்காது, மகளின் பள்ளிக் கட்டணமும் நிற்காது. இதை வேறுவிதமாகவும் சொல்லலாம்: படித்து முடித்து வேலையில் சேரும்போது, வரி போக மாதம் 1,34,800 ரூபாய் உங்கள் கைக்கு வந்தால்தான் இன்றைய குடும்பச் செலவு நிலைக்கே திரும்புவீர்கள். அதற்கு மேல் வருவதுதான் படிப்பின் பலன். சேர்க்கைக் கையேட்டில் சராசரிச் சம்பளம் என்று அச்சிடப்படும் தொகையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். ஒன்றிரண்டு பெரிய சம்பளங்கள் அதை உயர்த்திக் காட்டிவிடும். சம்பளங்களை வரிசைப்படுத்தினால் சரிபாதியில் நிற்கும் தொகை என்ன, உங்களைப் போல உற்பத்திப் பிரிவிலிருந்து வந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள்.

ஊரையும் துறையையும் பொறுப்பையும் ஒரே நேரத்தில் மாற்ற விரும்புபவருக்கு அந்தச் செலவு நியாயமாக இருக்கலாம். உங்கள் கடிதத்தில் அந்த ஆசை தெரியவில்லை. அதே துறையில் அடுத்த படிக்கு ஏற வேண்டும் என்பதே தெரிகிறது. அதற்கு வாரயிறுதிப் படிப்பு போதும் என்பது என் கருத்து. அதில் ஒரு குறையும் உண்டு: வளாக வேலைவாய்ப்பு இந்த வகைப் படிப்புகளில் பொதுவாக இருக்காது. இவருக்குத்தான் வேலை இருக்கிறதே என்று கல்லூரி விட்டுவிடும்.

நானும் வாரயிறுதியில் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரவு ஷிப்ட் முடிந்து சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வீடு வந்து, குளித்து, ஒன்பது மணி வகுப்புக்குப் போய் உட்காருவேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புள்ளியியல் வகுப்பு. எனக்குக் கண் செருகும்போதெல்லாம் பக்கத்தில் இருந்த வங்கி அதிகாரி மேசைக்கு அடியில் காலை மிதிப்பார். அவருக்குச் செருகும்போது நான் மிதிப்பேன். பாடம் கடினமாக இருந்ததால் யாரும் படிப்பை நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை. புதன்கிழமை இரவு பத்து மணிக்குக் குழுப் பணிக்காக வரும் தொலைபேசி அழைப்பை வீட்டார் பொறுக்க முடியாமல் போனதால் நிறுத்தியவர்களை அறிவேன். ஆகவே விண்ணப்பம் போடும் முன் உங்கள் மனைவியிடம் இரண்டு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்டு வாங்குங்கள். அதன் பின், உங்கள் பதவி உயர்வு விதியில் எம்.பி.ஏ. என்று எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது மேலதிகாரி விஷயத்தில் நீங்களே ஊகித்ததா என்பதை மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் கட்டணத்தில் பங்கு தருவதாக இருந்தால், அதற்கு ஈடாக எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும் என்ற பத்திரத்தையும் அன்றே படித்துப் பாருங்கள்.

கேள்வி: நான் ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவைக் கவனிக்கிறேன், பி.காம். படித்திருக்கிறேன். ஓர் இணையக் கல்வி நிறுவனத்திலிருந்து தினமும் அழைக்கிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழக எம்.பி.ஏ.வை ஆறு மாதத்தில் வீட்டிலிருந்தே முடிக்கலாம், தேர்வு கிடையாது, மாதம் சிறு தொகை கட்டினால் போதும் என்கிறார்கள். இன்றைக்குள் முடிவு சொன்னால் கட்டணத்தில் பாதி தள்ளுபடியாம். சேரலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: சேர வேண்டாம். இன்றைக்குள் என்ற சொல் காதில் விழுந்ததுமே தொலைபேசியை வைத்திருக்கலாம்; தள்ளுபடிக்குக் கெடு வைப்பது துணிக்கடையில் சரி, பல்கலைக்கழகத்துக்கு அந்த வழக்கம் இல்லை.

காரணங்களைச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2020இல் வெளியிட்ட தொலைநிலை, இணையவழிக் கல்வி விதிகளின்படி, இணையவழிப் பட்டத்துக்கும் நேரடிப் பட்டத்துக்கும் மதிப்பு ஒன்றே. ஆனால் கால அளவும் ஒன்றே. எம்.பி.ஏ. இணையவழியில் என்றாலும் இரண்டு ஆண்டு, நான்கு பருவம். கண்காணிப்புடன் நடக்கும் தேர்வும் உண்டு. ஆறு மாதம், தேர்வு இல்லை என்ற இரண்டுமே இதற்கு முரணானவை. இவ்வகை விளம்பரங்கள் எவ்வளவு தூரம் போயின என்றால், 2024 ஏப்ரலில் ‘பத்து நாள் எம்.பி.ஏ.’ என்ற பெயரில் நடப்பவற்றை நம்ப வேண்டாம் என்று யூ.ஜி.சி. பகிரங்கமாக எச்சரிக்க நேர்ந்தது. அதற்கு முன், 2023 டிசம்பரில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயரில் இணையக் கல்வி நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து வழங்கும் பட்டங்கள் தன் அங்கீகாரம் இல்லாதவை என்றும் அறிவித்திருந்தது. ஒரு பல்கலைக்கழகம் தன் பட்டப் படிப்பை நடத்தும் உரிமையை வேறொரு நிறுவனத்துக்குக் கிளை போலக் கொடுக்க விதியில் இடம் இல்லை.

‘மாதம் சிறு தொகை’ என்பதையும் கவனியுங்கள். பல நேரங்களில் அது கல்லூரிக்குக் கட்டும் கட்டணத் தவணை அல்ல. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் முழுத் தொகையையும் அவர்களுக்குக் கொடுத்துவிடும். நீங்கள் அந்த நிறுவனத்துக்குக் கடன்காரர் ஆவீர்கள். ‘இருக்கையை உறுதிசெய்ய’ என்று சொல்லி ஆதார் எண், பான் எண், கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. ஆகியவற்றைக் கேட்பது அதற்காகத்தான். மூன்றாம் மாதம் படிப்பு பிடிக்கவில்லை என்று நிறுத்தினாலும் தவணை நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் மதிப்பெண் சரியும், பிறகு வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விரிக்க வேண்டியதில்லை. நிறுவனத்துக்கு வரும் ஒரு விலைப்பட்டியலை எத்தனை முறை திருப்பிப் பார்ப்பீர்களோ, அத்தனை முறை இந்த விண்ணப்பத்தையும் பாருங்கள்.

வீட்டிலிருந்தே படிக்கும் எண்ணம் நல்லது. அதைக் கைவிட வேண்டாம். யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டி.இ.பி.) இணையதளத்தில், எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்தக் கல்வியாண்டில் நடத்த அனுமதி பெற்றிருக்கிறது என்ற பட்டியல் உண்டு. அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, எம்.பி.ஏ. என்ற படிப்பும் நீங்கள் சேரும் பருவமும் இருக்க வேண்டும். 2024 முதல் இப்படிப்புகளில் சேர்பவர் அந்தத் தளத்தில் தாமே பதிவுசெய்து டி.இ.பி. எண் ஒன்றைப் பெற வேண்டும். அழைப்பவர்களிடம் ‘என் டி.இ.பி. எண்ணை எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இணைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு அழைப்பு ஓய்ந்துவிடும். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் மட்டும் செலுத்துங்கள்.

கேள்வி: புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றில் ஓராண்டு முழுநேர மேலாண்மைப் படிப்பு முடித்து, கோவையில் மென்பொருள் நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். எங்கள் சான்றிதழில் எம்.பி.ஏ. என்ற சொல் இல்லை. பின்னாளில் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் செய்து கல்லூரியில் பாடம் நடத்த ஆசை. தடை வருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வரலாம். தனியார் நிறுவனங்கள் உங்கள் படிப்பை அதன் பெயருக்காக மதிக்கின்றன. பல்கலைக்கழகங்கள் அதன் சட்ட வடிவத்தைப் பார்க்கின்றன. இரண்டும் வேறு பார்வைகள். 2014இல் அரசிதழில் வந்த யூ.ஜி.சி.யின் பட்டங்கள் குறித்த அறிவிக்கை முதுநிலைப் பட்டத்துக்கு வழக்கமான கால அளவாக இரண்டு ஆண்டைக் குறித்தது. பட்டம் என்ற சொல்லைப் பயன்படுத்த பல்கலைக்கழகத்துக்கும், சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனத்துக்குமே உரிமை உண்டு. ஐ.ஐ.எம்.கள்கூட 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வரும்வரை பட்டயம்தான் கொடுத்து வந்தன. ஐ.எஸ்.பி. போன்றவை இன்றும் தம் ஓராண்டுப் படிப்புக்குப் பட்டம் தருவதில்லை. அதை மறைப்பதும் இல்லை.

இரண்டாண்டு முழுநேர பி.ஜி.டி.எம். என்ற முதுநிலை மேலாண்மைப் பட்டயம் படித்தவர்கள், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரம் இருந்தால், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் எம்.பி.ஏ.வுக்கு இணையானது என்ற சான்று பெற்றுக்கொண்டு முனைவர் படிப்புக்குப் போகிறார்கள். ஓராண்டுச் சான்றிதழுக்கு அந்த வழி பொதுவாகத் திறந்திருக்காது. நீங்கள் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குச் சான்றிதழின் நகலுடன் எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இல்லை என்று வந்தால், அங்கீகரிக்கப்பட்ட இணையவழி எம்.பி.ஏ. ஒன்றை வேலையில் இருந்தபடியே முடித்துவிடலாம். படித்ததையே திரும்பப் படிப்பதுபோல எரிச்சலாக இருக்கும், உண்மைதான். ஆனால் கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது பரிசீலனைக் குழு முதலில் தேடுவது அந்த ஒரு தாளைத்தான்.

கேள்வி: நான் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. முடித்தால் முன் ஊதிய உயர்வு கிடைக்கும் என்று ஓய்வுபெற்ற நண்பர் சொல்கிறார்.
– வாசகர், மதுரை

பதில்: அவர் காலத்தில் கிடைத்தது. உயர்கல்வித் தகுதிக்கான முன் ஊதிய உயர்வுகளைத் தமிழக அரசு 2020 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. அதை நம்பிக் கட்டணம் கட்ட வேண்டாம். வேறு காரணங்களுக்காகப் படிப்பதானால், சேரும் முன்பே துறைத் தலைவரிடம் அனுமதி பெறுங்கள். உங்கள் இளநிலைப் பட்டம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆகியவற்றை முறையாக முடித்தபின் பெற்றதா என்பதையும் பாருங்கள். பள்ளிப் படிப்பில்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டத்தை மாநில அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்பதில்லை. அதன் மேல் எம்.பி.ஏ. வைத்தாலும் நிலை மாறாது.

கேள்வி: எனக்கு 39 வயது, விளம்பரத் துறையில் 15 ஆண்டு. ஓராண்டுப் படிப்புக்கு ஜிமேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்கிறார்கள். கணக்குப் புத்தகத்தை மூடி இருபது ஆண்டு ஆகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, சென்னை

பதில்: இப்போதைய ஜிமேட் உங்களுக்குச் சற்று இரக்கமாகவே இருக்கிறது. 2023 இறுதியில் தேர்வு மாற்றி அமைக்கப்பட்டது. கணிதம், மொழி, தரவுப் பகுப்பாய்வு என்று மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்தம் 64 கேள்விகள். வடிவியல் போய்விட்டது, கட்டுரை எழுதுவதும் போய்விட்டது. மதிப்பெண் 205இலிருந்து 805 வரை. கணிதப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது என்பதுதான் உங்களைப் போன்றவர்கள் தடுமாறும் இடம். மளிகைக் கடை ரசீதை மனக் கணக்காகக் கூட்டும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். விகிதம், சதவீதம், சராசரி ஆகிய மூன்றும் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். விளம்பரத் துறையில் வரைபடங்களையும் அட்டவணைகளையும் தினமும் பார்த்திருப்பீர்கள், ஆகவே தரவுப் பகுதி உங்களுக்குச் சாதகம். மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும் என்பதால், இந்த ஆண்டே சேர முடியாவிட்டாலும் தேர்வை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இங்கிலாந்தில் ஓராண்டு எம்.பி.ஏ. செய்ய நினைக்கிறேன். மனைவியையும் குழந்தையையும் அழைத்துப் போகலாமா? அந்தப் பட்டம் இங்கே செல்லுமா?
– வாசகர், திருச்சி

பதில்: இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் உண்டு. 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் ஒருவர் பட்டத்தை ஒருவர் ஏற்கும் உடன்பாடு செய்துகொண்டன. அதில் அவர்களின் ஓராண்டு முதுநிலைப் பட்டமும் அடங்கும். முதல் கேள்விக்கான பதில் உங்களுக்குப் பிடிக்காது. 2024 ஜனவரி முதல், வகுப்புவழி முதுநிலைப் படிப்பில் சேர்பவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. ஆராய்ச்சிப் படிப்புகளுக்கு விலக்கு உண்டு. முகவர் வேறு விதமாகச் சொன்னால், எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கல்விக் கடனில் வாரயிறுதி எம்.பி.ஏ. படிக்கிறேன். வருமான வரியில் சலுகை உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வட்டிக்கு உண்டு, அசலுக்கு இல்லை. 80இ பிரிவு என்று நாம் பழகிய இந்தக் கழிவுக்கு உச்சவரம்பு கிடையாது. வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டிலிருந்து மொத்தம் எட்டு ஆண்டு வரை பெறலாம். கடன் வங்கியிலோ அங்கீகாரம் பெற்ற நிதி நிறுவனத்திலோ வாங்கியதாக இருக்க வேண்டும். மாமனாரிடமோ அலுவலகத்திலோ வாங்கிய கடனுக்குக் கிடைக்காது. முக்கியமாக, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை. புதிய முறைதான் இப்போது தானாக அமையும் முறை என்பதால், பழையதை வேண்டும் என்று நீங்கள்தான் குறிப்பிட வேண்டும். உங்களுக்கு எது லாபம் என்பதை இரண்டு விதமாகவும் கணக்கிட்டுப் பார்த்த பிறகே தேர்ந்தெடுங்கள். வங்கியிலிருந்து வட்டிச் சான்றிதழை ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள், ஜூலையில் கிளையில் நிற்க இடம் இருக்காது.